பக்கத்தில ஆரும் இருக்கினமோ?

செலீனின் செல்போனை வீட்டில் ஒருவரும் தொடக்கூடாது. புருசன் கிறிஸ்தோப்பர் தொட்டாலும் சரி, ஒன்பது வயது மெலனி விளையாட எடுத்தாலும் சரி, வீடு இரண்டுபட்டுவிடும். குளிக்கப் போனாலும் அது பொலித்தீன் பைக்குள் சுற்றியபடி சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஞாயிறு பூசையில் மற்றவர்கள் எல்லாம் போனை நிறுத்திவைக்க, அவள் மட்டும் அதிரவிட்டு மடியில் வைத்திருப்பாள். சாமியாரும் கண்டும் காணாதவர் போல இருந்துவிட்டார். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. மொன்றியலில் எங்கள் சனத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் திரிந்தது, அவரும் யாரையென்று கண்டிப்பார்?

செலீனுக்குக் காரணம் றூபன். அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவன். தாயும் தகப்பனும் போனபிறகு அவளுக்கென்று மிச்சம் இருந்த ஒரே உடன்பிறப்பு. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மனுசி பிள்ளையோடு சண்டை நடக்கும் வன்னிக்குள் போய் அகப்பட்டுக்கொண்டான். ஜனவரி கடைசியில் ஒரு பின்னேரம், அவள் லாசாலில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது, சற்றலைற் போனில் அவளுக்குக் கோல் எடுத்தான். அங்கே அப்போது விடியப்புறம் நாலரை மணி. அந்த நேரத்தில்தான் போனுக்கு வரிசை குறைவாம்.

"அக்கா, உங்கட செல் நம்பரை மனப்பாடமாக்கி வைச்சிருக்கிறன். எழுதின தாள் எல்லாம் நனைஞ்சு போச்சு. நம்பரை மாத்திப்போடாதேங்கோ" என்றான்.

"மாத்த மாட்டன்ரா. செத்தாலும் மாத்த மாட்டன். நீ எப்பிடி..."

லைன் அறுந்துவிட்டது. அதுதான் கடைசி. பெப்ரவரி போனது, மார்ச் போனது. றூபன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு குருவிகூட இல்லை. அந்த ஒரு கேள்விக்கு ஒரு பதில் வரவேண்டும் என்றுதான் அவள் அந்தப் போனைப் பிள்ளைபோலக் காவிக்கொண்டு திரிந்தாள்.

வேலை டோர்வலில், விமான நிலையத்துக்குப் போகும் பெருந்தெருவோரம், ஒரு மாபிள் கடைக்கு மேல்மாடியில். ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி. வேலை தேடி வருகிறவனுக்கு வேலை எடுத்துக் கொடுப்பதை எந்த மடையனும் செய்வான் என்பாள் முதலாளியம்மா சில்வி. ஏற்கெனவே ஓரிடத்தில் வேலை செய்துகொண்டிருப்பவரை, அவர் நினைத்தும் பாராத நேரத்தில் போனில் பிடித்து, இன்னோரிடத்துக்கு இழுத்துக்கொண்டு வருவதுதான் இவர்களுடைய தொழில். அந்த வருசம் ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்தது. கிறிஸ்தோப்பரின் பிளாஸ்ரிக் தொழிற்சாலை நத்தாருக்கு முன்னமே, டிசம்பர் தொடக்கத்திலேயே, இழுத்து மூடிவிட்டது. அவன் செய்த முதல் வேலை வீட்டுப் போனை வெட்டியது. ஆனால் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் புதுக் கிச்சின் ஒன்று ஜூனில் திறக்க இருந்தது. அதற்கு ஆட்கள் வேண்டும். அதுவும் விமான நிலையப் பாஸ் கழுத்தில் தொங்குகிற ஆட்கள். புதிதாக ஒருவருக்குப் பாஸ் எடுப்பதென்றால் பொலிஸ் விசாரணை, அது இது என்று மாதக்கணக்கில் இழுபடும். ஆகவே பழைய கிச்சினில் பாஸோடு நிற்கிறவர்களைக் கிளப்பிக்கொண்டு வரவேண்டும். அங்கே தட்டு அடுக்குகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்.

சில்வியின் வேதம் முதல் பதினைந்து செக்கன். அந்தப் பதினைந்து செக்கனுக்குள் எதிராளி போனை வைக்காவிட்டால் ஆள் உங்களுடையவர். அதற்காக நீ யார் என்று சொல்லாதே. அவருடைய பெயரைச் சொல். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களா, தாராளமாகக் கதைக்கலாமா என்று கேள். ஒரு விசயம் சொல்ல இருக்கிறது என்று சொல்லி நிறுத்து. பிரெஞ்சில் இது சாதாரண சங்கதி. மேலாளர் பக்கத்தில் நின்றால் பிறகு எடுக்கிறேன் என்பதற்காகக் கேட்பது, அவ்வளவுதான். செலீன் அதைத் தமிழில் இப்படிப் போட்டாள்: "இன்னார்தானே கதைக்கிறது? பக்கத்தில ஆரும் இருக்கினமோ? ஒரு விசயம் சொல்ல வேணும்."

தமிழில் அது சாதாரண சங்கதி அல்ல. எங்களில் சாவுச் செய்தியை யாரும் முகத்துக்கு நேரே உடைப்பதில்லை. பெயரைக் கேட்டு உறுதிப்படுத்துவார்கள். பக்கத்தில் யார் நிற்கினம் என்பார்கள். இருந்துகொண்டு கதையுங்கோ என்பார்கள். ஆம்பிளையள் இருந்தால் குடுங்கோ என்பார்கள். விசயம் வாய்க்கு வரமுன்னமே கேட்கிறவருக்கு விளங்கிவிடும். இது யாரும் சொல்லிக்கொடுத்துப் படிக்கிற பாடமா என்ன? வாழ்ந்து வாழ்ந்து படித்தது.

சும்மா சொல்லக்கூடாது, வரி நன்றாக வேலை செய்தது. அந்த மாதங்களில் அந்த வரியைக் கேட்டுவிட்டுப் போனை வைத்த தமிழர் ஒருவர்கூட இல்லை. ஒருவர்கூட! எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு "பயப்படாதேங்கோ, வேலை விசயம்தான்" என்றதும் அவர்களுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதியில் எதைக் கேட்டாலும் ஓம். நேர்முகத்துக்கு வருவீர்களா? ஓம். பாஸ் இருக்கிற இன்னும் இரண்டு பேரின் நம்பர் தருவீர்களா? ஓம், ஓம், எழுதுங்கோ.

செலீனுக்கு இது விளங்காமல் இல்லை. முதல் வாரமே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அவள் வரியை மாற்றவில்லை. இந்தக் கதையில் கெட்ட இடம் அதுதான், அதை மூடிமறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு நிமிசம் பயந்தால் ஆரும் செத்துப்போக மாட்டினம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். நல்ல வேலைதானே எடுத்துக் கொடுக்கிறேன் என்றாள். பூசைக்குப் போகிற கோயிலின் குடும்பப் பெயர், நம்பர் பட்டியலைக்கூட ஒருநாள் பையில் வைத்துக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்தாள். மற்றவர்கள் நாளுக்கு இரண்டு பேரைப் பிடிக்க அவள் ஏழு பேரைப் பிடித்தாள். சில்விக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். மார்ச்சில் அவளைப் பயிற்சி கொடுக்கிறவளாக ஏற்றிவிட்டாள். "உன்னைப் போல இன்னும் இரண்டு தமிழரை எனக்கு உருவாக்கித் தா. ஏப்ரல் முடியமுதல் முப்பது பாஸ் வேண்டும். அவர்கள் தேறாவிட்டால் நீ பழையபடி கீழேதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னால் பகிடி என்று அர்த்தமில்லை.

அப்படி வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நகுலேஸ்வரன், ஐம்பத்திரண்டு வயது, ஊரில் தபால் கந்தோரில் தந்தி அடித்தவர், இங்கே பதினைந்து வருசம் சலவைத் தொழிற்சாலையில் நின்று முதுகு போனவர். மற்றவன் ஆரூரன், இருபத்தேழு வயது, கல்யாணமாகி ஆறு மாதம். நல்ல பிள்ளை. ஆனால் போனில் எதிராளி "ஹலோ" என்றால் மூன்று செக்கன் கழித்துத்தான் வாயைத் திறப்பான்.

"அந்த மூண்டு செக்கனுக்குள்ள ஆள் வைச்சிட்டுப் போயிடும், ஆரூரன். என்ன, வாய்க்குள்ள பாக்கோ வைச்சிருக்கிறீர்?" என்பாள் செலீன்.

"இல்லை அக்கா, ஆரெண்டு தெரியாத ஆளோட கதைக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

"அதுக்குத்தான் சம்பளம்."

பயிற்சியில் ஒரு திடீர்ச் சோதனை உண்டு. சில்வியின் கண்டுபிடிப்பு. பயிற்சி வாரத்தில் ஒவ்வொருவரும் ஒருநாள் வேலை முடிந்தபிறகு, சொல்லாமல் கொள்ளாமல், நம்பரை மறைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பவரின் சொந்தப் போனுக்கு எடுக்கவேண்டும். பயிற்சி கொடுப்பவர் உலகத்திலேயே மோசமான ஆளாக நடிக்கவேண்டும். ஏசவேண்டும், பட்டென்று வைக்கவேண்டும். வைத்தால் திரும்ப எடுக்கவேண்டும். "ரெண்டு நிமிசம் மட்டும் தாங்கோ" என்று கேட்கவேண்டும். அப்போதும் வைப்பார். மூன்றாம் தரமும் எடுத்தால்தான் தேறியது. பயிற்சி கொடுப்பவர் அதற்கொரு தாளில் புள்ளி போடுவார். தயக்கத்துக்குக் கழி, வசனத்தை மாற்றினால் கழி, விட்டுவிட்டுப் போனால் முட்டை.

திங்கட்கிழமை இதை விளங்கப்படுத்திவிட்டுத் தன்னுடைய செல் நம்பரைப் பலகையில் எழுதும்போது செலீனின் கை ஒருதரம் நின்றது. அது றூபனுக்கென்று வைத்திருந்த நம்பர். வீட்டில் வேறு போன் இல்லை. என்ன செய்வது? எழுதினாள்.

அன்று பின்னேரமே நகுலேஸ்வரன் எடுத்துத் தன் சோதனையை முடித்துவிட்டார். அவள் ஏச ஏச, "சரி தங்கச்சி, ஏசி முடிஞ்சுதெண்டால் சொல்லுங்கோ, நான் திரும்ப எடுக்கிறன்" என்றார் மனுசன். செலீன் சிரித்தேவிட்டாள். பத்துக்கு எட்டுப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை உண்மையான ஆட்களுக்கு எடுக்கத் தொடங்கினார்கள். நகுலேஸ்வரனுக்குக் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் அல்போன்சம்மா, பியர்பொன்ட்ஸில் வீடு, பழைய கிச்சினில் பதினொரு வருசம், பாஸ் உண்டு. மனுசன் ஹெட்செற்றைக் காதில் மாட்டினார், தாளைப் பார்த்தார், கழற்றினார்.

"தங்கச்சி, இந்தத் தொடக்கத்தை மாத்துவமே?"

"ஏன் அண்ணை?"

"நான் தந்தி குடுத்துத் திரிஞ்சவன். என்ர சைக்கிள் படலையில நிண்டாலே உள்ளுக்குக் குழறத் தொடங்கிடுவினம், தந்தியில கலியாணச் செய்தி இருந்தாலும். இது அந்த வேலையாக் கிடக்கு. இப்ப இருக்கிற நிலைமையில எங்கட சனத்துக்கு எடுத்துப் பக்கத்தில ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கிறதோ?"

"அண்ணை, ஸ்கிறிப்டை மாத்த ஏலாது. சில்வி எல்லாத்தையும் பதிஞ்சு கேக்கிறவ."

"அவவுக்குத் தமிழ் விளங்குமோ?"

"எனக்கு விளங்கும். எடுங்கோ."

எடுத்தார். ஸ்பீக்கரில் மணி மூன்றுதரம் அடித்தது. ஒரு பொம்பிளைக் குரல் வந்தது. நகுலேஸ்வரன் தாளில் இருந்ததை அச்சுக் குலையாமல் சொன்னார்.

"அல்போன்சம்மாதானே கதைக்கிறது? பக்கத்தில ஆரும் இருக்கினமோ? ஒரு விசயம் சொல்ல வேணும்."

அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடுவது கேட்டது. பிறகு குழாயைப் பூட்டினார்கள். பிறகு அந்த மனுசி மிக மெதுவாக, கடையில் விலை கேட்பது மாதிரிக் கேட்டாள்:

"ஆர் தம்பி? மூத்தவனோ, சின்னவனோ?"

நகுலேஸ்வரன் தாளைப் பார்த்தார், அதில் இதற்கு வரி இல்லை. ஆரூரன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"சொல்லுங்கோ தம்பி. நான் இருந்திட்டன். ரெண்டு பேருமோ?"

செலீன் பாய்ந்துபோய் மேசையில் இருந்த போனை எடுத்தாள். "அம்மா, பயப்படாதேங்கோ, பயப்படாதேங்கோ. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. இது வேலை விசயம். டோர்வலில புதுக் கிச்சின் திறக்கினம்..."

ஸ்பீக்கரில் வந்தது அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாதாவே, மாதாவே என்று நாலைந்து தரம் சொன்னாள் அந்த மனுசி. "நீர் நல்லாயிருப்பீர் பிள்ளை, நீர் நல்லாயிருப்பீர்" என்றாள். செலீன் விடவில்லை. மணிக்கூலி சொன்னாள், நேரம் சொன்னாள், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேர்முகம் என்றாள். ஓம் பிள்ளை. பாஸ் உள்ள இன்னும் இரண்டு பேரின் பெயர் வேண்டும் என்றாள். ஓம் பிள்ளை, எழுதும். இரண்டு கேட்க நாலு தந்தாள் அல்போன்சம்மா.

போனை வைத்துவிட்டுச் செலீன் திரும்பினாள். "பாத்தீங்களோ? ஆறு நிமிசம். ஒரு ஆள், நாலு நம்பர்."

நகுலேஸ்வரன் ஹெட்செற்றின் வயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தார். ஜக்கெற்றை எடுத்துப் போட்டார்.

"தங்கச்சி, நான் ஒரு சவப்பெட்டிக் கடையில போய் நிக்கிறன். அங்க செத்த பிறகுதான் ஆள் பிடிப்பினம்."

"அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ. இஞ்ச இருங்கோ."

"உங்களுக்கும் அங்க ஆரோ இருக்கினமெண்டு சொன்னீங்கள். இருக்கினம்தானே?"

"அது வேற" என்றாள் செலீன். படியில் அவர் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கிப்போகும் சத்தம் கேட்டது. முதுகு வருத்தக்காரர்.

இப்போது ஆரூரன் ஒருவன்தான் மிச்சம். அவனும் தேறாவிட்டால் சில்வி சொன்னது நடக்கும். வீட்டில் உழைக்கிறவள் அவள் ஒருத்தி. "வியாழக்கிழமை பின்னேரத்துக்குள்ள சோதனை எடுக்க வேணும், விளங்குதோ? மூண்டு தரம் எடுக்க வேணும். நான் என்ன ஏச்சு ஏசினாலும் விடக்கூடாது" என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். புதன்கிழமை முழுக்க அவனுக்குப் போன் கொடுக்காமல் வரியை மட்டும் சொல்லவைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அல்போன்சம்மாவின் குரல் கேட்டதிலிருந்து அவனுடைய மூன்று செக்கன் ஐந்து செக்கனாகியிருந்தது. வியாழக்கிழமை அவனுக்கு லீவு, புதுக் கிச்சினிலிருந்து ஆட்கள் நேர்முகத்துக்கு வந்து அறையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அல்போன்சம்மாவும் வந்தாள். சின்ன மனுசி. செலீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்கட குரலைக் கேட்டுத்தான் பிள்ளை எனக்கு உயிர் வந்தது" என்றாள். செலீன் கையை இழுத்துக்கொண்டு படிவத்தைக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் மழை. பனிக் குவியல்கள் கறுத்துக் கரைந்து தெருவெல்லாம் ஊத்தைத் தண்ணீர். செலீன் லாசாலில் பஸ்ஸால் இறங்கி, குடை இல்லாமல், தெப்பனார் என்கிற மூலைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு அதன் வாசலில் நிற்கிறாள். ஆறு நாற்பது. போன் அதிர்ந்தது. நம்பர் இல்லை.

நம்பர் இல்லாத அழைப்பென்றால் அவளுக்கு எப்போதும் கையும் ஓடாது காலும் ஓடாது. பாலைச் சேற்றில் வைத்துவிட்டு எடுத்தாள்.

"ஹலோ? ஹலோ!"

சத்தம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு ஆண் குரல், மழை இரைச்சலுக்குள் மெல்லியதாக.

"செலீன் அக்காதானே? பக்கத்தில ஆரும் இருக்கினமோ? ஒரு விசயம்..."

செய்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். நினைத்த அதே வேகத்தில் விளங்கியும் விட்டது. அட, ஆரூரன்! அந்த மூன்று செக்கன், அந்த வரி. தான் எழுதிய வரிக்குத் தானே பயந்து, பாலைச் சேற்றில் வைத்துவிட்டு, தெருவில் நனைந்துகொண்டு நிற்கிறாள்! வெட்கம் வந்தது, வெட்கத்துக்குப் பின்னால் கோபம் வந்தது. நடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"ஆரடா நீ? சனம் இருக்கிற நிலைமையில எடுத்து உயிரை வாங்குறாய்? உனக்கு வேற வேலை இல்லையோ? வை போனை!"

வைத்தாள். பாலைத் தூக்கித் துடைத்தாள். பரவாயில்லை, எடுத்துவிட்டான் பிள்ளை, திரும்ப எடுக்கட்டும் பார்ப்போம் என்று அப்படியே நின்றாள். தெப்பனார்க்காரன் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்தான்.

ஒரு நிமிசம் கழித்து அதிர்ந்தது. நம்பர் இல்லை. மூன்று செக்கன்.

"அக்கா, வைச்சிடாதேங்கோ. ரெண்டு நிமிசம்தான் இருக்கு, அக்கா..."

ரெண்டு நிமிசம் மட்டும் தாங்கோ என்று சொல்லவேண்டும், இவன் மாற்றிச் சொல்கிறான் என்று நினைத்தாள். ஆனால் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது, அது நன்றாக இருந்தது. இதைத்தான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு திருப்தி.

"ரெண்டு நிமிசமும் இல்லை, ரெண்டு செக்கனும் இல்லை! இனி இந்த நம்பருக்கு எடுத்தியெண்டால் பொலிசுக்குப் போன் அடிப்பன்!"

வைத்துவிட்டுச் சிரித்தாள். மழைக்குள் நடந்தாள். மூன்றாவது வரும், வரும் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுப் படியில் இரண்டு நிமிசம் நின்றும் பார்த்தாள். வரவில்லை. "சீ, இவ்வளவு தூரம் வந்து கடைசியில விட்டிட்டானே" என்று அவளுக்கு உண்மையாகவே மனவருத்தமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் இருந்து தாளை நிரப்பினாள். தயக்கம், இரண்டு புள்ளி கழி. வசனத்தை மாற்றியது, ஒன்று கழி. குரல் நன்று. மூன்றாம் தரம் எடுக்கவில்லை.

"றூபன்ர கோல் ஏதும் வந்ததோ?" என்று கிறிஸ்தோப்பர் வழமைபோலக் கேட்டான்.

"இல்லை" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரூரன் அவளுக்கு முன்னமே வந்து பயிற்சி அறையில் இருந்தான். கண் இரண்டும் சிவந்து, சேட்டும் கசங்கி, நித்திரை கொள்ளாத முகம். செலீன் தாளை அவனுக்கு முன்னால் வைத்தாள். திட்டக்கூடாது, தட்டிக்கொடுக்கவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஆரூரன், நல்லாத்தான் செய்தனீர். ரெண்டாம் தரம் கேட்ட விதம் நல்ல விதம். ஏன் மூண்டாம் தரம் எடுக்கேல்லை? அது ஒண்டைச் செய்திருந்தால் தேறியதெண்டு போட்டிருப்பன்."

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. நான் நேற்று எடுக்கேல்லை."

"என்ன?"

"நேற்று முழுக்க நான் ஒட்டாவாவில. பாராளுமன்றத்துக்கு முன்னால போராட்டம் நடக்குதெல்லோ, மனுசியோட பஸ்ஸில போயிட்டன். போனில சார்ஜும் இல்லை. இரவு ஒரு மணிக்குத்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் வெள்ளண வந்தனான். அதோட அக்கா, எனக்கு இந்த வேலை..."

"பகிடி விடாதையும்."

"அந்தோணியாராணை அக்கா, நான் எடுக்கேல்லை."

அவன் சைவக்காரன். அவளுக்காக அவளுடைய சாமி மேல் சத்தியம் செய்தான். செலீன் போனை எடுத்து நேற்றைய அழைப்புகளைப் பார்த்தாள். ஆறு நாற்பது, நம்பர் இல்லை. ஆறு நாற்பத்திரண்டு, நம்பர் இல்லை. அதற்குத் திரும்ப அடிக்க வழி இல்லை. ஆறு நாற்பது என்றால் அங்கே விடியப்புறம் நாலு பத்து. வரிசை குறைவான நேரம்.

நகுலேஸ்வரனுக்குப் போன் அடிக்கச் சொன்னாள். ஆரூரன் தன் போனிலிருந்து அடித்து ஸ்பீக்கரில் போட்டான். "நானோ? நான் ஏன் எடுக்கிறன் தம்பி, நான்தான் விட்டிட்டு வந்திட்டனே" என்றார் அவர். "ஏன், என்ன நடந்தது?" என்று கேட்டார். ஆரூரன் போனை வைத்துவிட்டான்.

மூன்று செக்கன். சற்றலைற் போனில் ஒவ்வொரு வசனத்துக்கும் இடையில் வரும் வெறுமை. ஜனவரியில் றூபன் கதைத்தபோதும் அதே மூன்று செக்கன். இரண்டரை மாதமாக அதற்காகத்தானே காத்திருந்தாள், அது வந்தபோது இரண்டு புள்ளி கழித்தாள். ரெண்டு நிமிசம்தான் இருக்கு என்று அந்தக் குரல் கெஞ்சியது, அதற்கு ஒரு புள்ளி கழித்தாள். றூபனே எடுத்தானா, மனுசி போய்விட்டாள், பிள்ளை போய்விட்டது என்று சொல்ல? அல்லது றூபன் போய்விட்டான் என்று சொல்ல வேறு யாரும் எடுத்தார்களா, அவன் மனப்பாடமாக்கிய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு? குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. தயக்கம் எவ்வளவு, கெஞ்சல் எவ்வளவு என்று கேட்டவளே தவிர, யாருடைய குரல் என்று அவள் கேட்கவில்லை. ஆரூரனுடைய முகத்தை வைத்தே முழுவதையும் கேட்டிருந்தாள்.

"அக்கா, இருங்கோ. தண்ணி கொண்டுவாறன்."

"வேண்டாம். நீர் சொல்லும்."

"என்னத்தை அக்கா?"

"அந்த வரியை. நேற்றுச் சொன்ன மாதிரிச் சொல்லும்."

"நான் நேற்று..."

"சொல்லும்!"

அவன் பயந்துபோனான். மேசையைப் பார்த்துக்கொண்டு, மூன்று செக்கன் எடுத்து, மெல்லச் சொன்னான்.

"செலீன் அக்காதானே? பக்கத்தில ஆரும் இருக்கினமோ? ஒரு விசயம் சொல்ல வேணும்."

செலீன் கண்ணை மூடிக் கேட்டாள். இந்தக் குரல்தான், இதுதான், இவன்தான் மறைக்கிறான் என்று எவ்வளவோ நினைக்கப் பார்த்தாள். இந்தக் குரல் இல்லை.

"திரும்பச் சொல்லும்" என்றாள்.

அவன் சொன்னான். கதவைத் திறந்து சில்வி தலையை நீட்டி, பயிற்சி எப்படிப் போகிறது என்று சிரித்தபடி கேட்டாள். செலீன் திரும்பிப் பார்க்கவில்லை. போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "திரும்ப" என்றாள். ஆரூரன் அழுதுகொண்டே இன்னொருதரம் சொன்னான்.